துணிக்கடைப் பாடகி

எங்கள் கடையில் துணி வெட்டும் மேசையில் நின்ற பெண் ஒரு காலத்தில் ஒல்லாந்து தேசம் முழுவதும் அறிந்த பாடகி என்பது, நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. அதுவும் அவர் சொல்லித் தெரியவில்லை.

கடை கியூபெக்கில், புவாண்ட்-கிளேர் என்ற ஊரில், ஒரு பெரிய வணிக வளாகத்தின் பின்பக்கத்தில் இருந்தது. திரைச்சீலைத் துணி, மெத்தை உறை, மேசை விரிப்பு என்று விற்றார்கள். நான் உள்ளே தையல் மெஷினில் இருந்து விளிம்பு மடித்துத் தைப்பேன். அவர் வெளியே அளந்து வெட்டிக் கொடுப்பார். எங்களுக்கு நடுவில் ஒரு அரைச்சுவர் மட்டும். எழுபதை நெருங்கிய வயது, நல்ல உயரம், கட்டையாக வெட்டிய வெள்ளை முடி. மற்றவர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என்னைவிட மூத்தவரை அப்படிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மதாம் என்றே கூப்பிட்டேன். அவர் என்னோடு பேசியது பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம். ஆனால் என் நினைவில் அது எப்படியோ எங்கள் மன்னார்த் தமிழாகவே தங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

எங்களை நெருங்க வைத்தது ஒரு சொல். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் தங்கையோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தேன். "இண்டைக்குக் கந்தோருக்குப் போகேல்லையோ?" என்று கேட்டேன். பக்கத்தில் பாண் துண்டைக் கடித்துக்கொண்டிருந்த மதாம் நிமிர்ந்து பார்த்தார். நான் போனை வைத்ததும், "இப்ப என்ன சொன்னனீர்? கந்தோரா? அது எங்கட சொல்லெல்லோ. அலுவலகத்துக்கு நாங்கள் சொல்லுற சொல்லு. எங்க களவெடுத்தனீர்?" என்றார்.

"நாங்கள் ஒண்டும் களவெடுக்கேல்லை. உங்கட ஆக்கள்தான் வந்து கோட்டையில இருந்திட்டு, போகேக்க விட்டிட்டுப் போனவை."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு என்ன விட்டுவிட்டுப் போனோம் என்று கேட்டார். கக்கூஸ் என்றேன். மேசையில் கையை அடித்து அடித்துச் சிரித்தார். தன் நாட்டில் இப்போது அந்தச் சொல்லை யாராவது சபையில் சொன்னால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றார். அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் ஒரே மேசையில் இருந்தோம். அப்போதும் அவர் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. துணி வெட்டும்போது மெல்ல முணுமுணுப்பார், அவ்வளவுதான். கரகரப்பான, அடியில் கிடக்கும் குரல்.

ஒரு வசந்த காலத்துச் சனிக்கிழமை வயதான தம்பதி ஒன்று கடைக்கு வந்தது. மனைவி பூப்போட்ட துணி ஒன்றைக் காட்ட, மதாம் அகலத்தைச் சொன்னார். அவர் வாய் திறந்த உடனே கணவரின் முகம் மாறியதை நான் அரைச்சுவருக்கு மேலால் கண்டேன். அந்த மனிதர் தங்கள் மொழியில் ஏதோ கேட்டார். மதாம் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே தலையாட்டினார். அந்த மனிதர் மேசையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். மனைவி அவரைத் தாங்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: "எங்கட கலியாணத்துக்கு இவவின்ர பாட்டுக்குத்தான் ஆடினனாங்கள்."

மதாம் அந்த மனிதரின் கையை ஒரு தரம் தட்டிக்கொடுத்தார். பிறகு, "சரி, எத்தினை மீற்றர் வெட்டட்டும்?" என்று கேட்டார்.

அவர்கள் போனதும் நான் தையலை விட்டுவிட்டு வெளியே வந்தேன். "மதாம், நீங்கள் ஆர்?"

"துணி வெட்டுறவ," என்றார். நான் நகரவில்லை. அதற்குப் பிறகுதான் கதை துண்டு துண்டாக, பல சாப்பாட்டு நேரங்களில் வந்தது.

துறைமுக நகரம் ஒன்றில் பிறந்தவர். தகப்பன் கப்பல் பட்டறையில் வேலை. பள்ளிக்கூடம் முடிக்கும் முன்னரே ஒரு பாட்டுப் போட்டியில் வென்று, ஆற்றைக் கடக்கும் ஒரு தோணிக்காரனைப் பற்றிய பாட்டை இசைத்தட்டில் பாடினார். அது வீட்டுக்கு வீடு ஒலித்தது. முகாமையாளர் ஒருவர் அவருடைய பெயரை மாற்றினார், முடியின் நிறத்தை மாற்றினார், முழங்கால் வரைக்கும் வெள்ளைச் சப்பாத்துப் போடச் சொன்னார். ஊர் ஊராகச் சந்தைத் திருவிழாக்கள், தொலைக்காட்சி, பத்திரிகை அட்டை. சில வருடங்களில் சனங்களின் ருசி மாறியது. வெள்ளைச் சப்பாத்தைக் கேட்க ஆள் இல்லை.

பிறகு பாணுக்குப் பூசும் மாஜரீன் என்ற செயற்கை வெண்ணெய்யின் விளம்பரத்துக்குப் பாடினார். சிறுவர் நிகழ்ச்சியில் ஒரு வாத்துப் பொம்மைக்குக் குரல் கொடுத்தார். உல்லாசக் கப்பலில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பாடினார். அந்தக் கப்பலில் சமையல் செய்த கியூபெக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, டவுன்டவுனில் பியானோ வைத்த மதுச்சாலை ஒன்றில் பாடினார். அந்த மதுச்சாலை மூடப்பட்டது. அதன் பிறகு பூக்கடை. அதன் பிறகு, நான் நம்பவே இல்லை, நகரின் மேற்குப் பக்கத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் மஞ்சள் பள்ளிக்கூட பஸ்ஸின் சாரதி. அதைத்தான் ஆகக் கூடிய காலம் செய்திருக்கிறார். கணவர் இறந்த பின் பனியில் பஸ் ஓட்டுவது கண்ணுக்குக் கஷ்டமாகி எங்கள் கடைக்கு வந்தார்.

"பெரிய பாடகியா இருந்திட்டு இப்பிடி இஞ்ச வந்து நிக்கிறது உங்களுக்குக் கவலை இல்லையோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை நேராகப் பார்த்தார். "நான் விழேல்லை. வேலை மாத்தினனான். நீர் ஊரில என்ன செய்தனீர்?"

"பள்ளிக்கூடத்தில படிப்பிச்சனான்."

"பேந்து?"

"பேந்து இஞ்ச வந்து உணவகத்தில கோப்பை கழுவினனான். இப்ப தைக்கிறன்."

"நீர் விழுந்தனீரோ?"

அன்று பின்னேரம் முழுக்க அதை யோசித்தபடி தைத்தேன்.

கடையில் அழுத அந்த மனிதர், மதாமைக் கண்டதைப் பற்றி ஊரில் இருந்த தன் உறவுகளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். அது கைமாறிக் கைமாறி, ஒல்லாந்தில் பழைய பாடகர்களை மேடைக்குக் கொண்டுவரும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காரரிடம் போய்ச் சேர்ந்தது. ஒரு நாள் மதாமுக்கு அழைப்பு வந்தது. விமானச் சீட்டு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு, வந்து அந்தத் தோணிப் பாட்டைப் பாட வேண்டும் என்றார்கள். மதாம் சந்தோஷத்தில் எனக்கும் கடை முகாமையாளருக்கும் அங்கே நின்ற வாடிக்கையாளருக்கும்கூட கேக் வாங்கித் தந்தார். நடு நடுவே துணிகளின் மறைவில் நின்று குரலைப் பழக்கினார்.

விவரம் பேசத் தயாரிப்பாளர் வீடியோ அழைப்பில் வந்தார். ஓய்வறையில் நானும் இருந்தேன். அவர்கள் தங்கள் மொழியில் பேசினார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் மதாமின் முதுகு இறுகுவது தெரிந்தது. போனை வைத்த பிறகு சொன்னார்.

"பாட வேண்டாமாம். பழைய இசைத்தட்டைப் போடுவினமாம். நான் வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிண்டு வாயசைச்சால் காணுமாம். சனத்துக்கு அந்தக் குரல்தான் வேணுமாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"அந்தப் பெட்டை பாடினது பாடினதா இருக்கட்டும். அவளுக்கு நான் ஏன் வாயசைக்க வேணும்? எனக்கு இப்ப ஒரு குரல் இருக்கு. அதாலதான் பாடுவன், இல்லாட்டி வரமாட்டன் எண்டு சொல்லிட்டன்."

யோசித்துச் சொல்வதாகத் தயாரிப்பாளர் சொல்லியிருந்தார். அடுத்த வாரம் மறுமொழி வந்தது. மிகவும் மரியாதையான மறுமொழி. அவர் வரத் தேவையில்லை, பழைய படத்துண்டைக் காட்டிக்கொள்வார்கள். அன்று மதாம் ஒரு வாடிக்கையாளரின் விலை கூடிய துணியைக் கோணலாக வெட்டிப் பாழாக்கினார். அவர் கையில் துணி பிழையாகப் போய் நான் கண்டது அந்த ஒரு தரம்தான். கண் கலங்கவில்லை. வெட்டிய துண்டை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார்.

மறுநாள் காலை குளிர்கோட்டைக் கூடக் கழற்றாமல் என் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றார். "உம்மட மனுசனிட்ட ஒரு கீபோர்ட் இருக்கெண்டு சொன்னனீரெல்லோ?"

இருந்தது. கட்டிலுக்குக் கீழே. என் கணவர் ஊரில் இசைக்குழுவில் வாசித்தவர். இங்கே வந்தும் பகலில் கிடங்கில் வேலை செய்துகொண்டு, சனி ஞாயிறுகளில் கலியாணம், சாமத்தியவீடு என்னும் பூப்பு விழா என்று வாசித்துத் திரிந்தார். பிறகு எல்லோரும் டிஜே பிடிக்கத் தொடங்கினார்கள். குழுவில் பாதிப்பேர் டொரண்டோவுக்குப் போய்விட்டார்கள். கீபோர்டைத் துணியால் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளியவர் அதைப் பற்றிப் பேசவே விடமாட்டார். அன்று பின்னேரம், மதாம் தன் பாட்டுக்கு வாசிக்கக் கேட்கிறார் என்று நான் சொன்னபோதும் அப்படித்தான்.

"உமக்கென்ன விசரே? எனக்கு அவவின்ர பாசையும் தெரியாது, பாட்டும் தெரியாது. வாசிக்கிறதை விட்டாச்சு."

"ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லிட்டன்."

"சாப்பிடட்டும். நான் கீபோர்டை எடுக்க மாட்டன்."

மதாம் வந்தார். இறால் குழம்பை மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடிந்ததும் நேரே என் கணவரிடம், "நீங்கள் ஏன் விட்டனீங்கள்?" என்று கேட்டார். இவர் தன் ஆங்கிலத்தில், "ஒருத்தரும் கூப்பிடுறேல்லை" என்றார்.

"நான் கூப்பிடுறன்."

இவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு எழும்பி அறைக்குள் போனார். கட்டிலுக்குக் கீழே இருந்து கீபோர்டை இழுக்கும் சத்தம் கேட்டது.

மதாம் போனில் பழைய இசைத்தட்டுப் பாட்டைப் போட்டுக் காட்டினார். கண்ணாடித் தம்ளரைத் தட்டியதுபோல ஒரு சின்னப் பெண்ணின் குரல். இவர் கண்ணை மூடி இரண்டு தரம் கேட்டார். உடனே வாசித்தார். மதாம் பாடத் தொடங்கினார், மேலே போகவேண்டிய இடத்தில் காற்று மட்டும் வந்தது. இவர் சுருதியை இறக்கினார். போதவில்லை. இன்னும் இறக்கினார். கடைசியில் என்னிடம் தமிழில், "இது ஆம்பிளையள் பாடுற சுருதியப்பா, சொல்லட்டோ?" என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"ஆம்பிளையளுக்கு வசதியா இருக்கிற சுருதியில நான் பாடினால் என்ன? பாடுறன்," என்றார் மதாம்.

அந்தச் சுருதியில் பாட்டு வேறு ஒன்றாக மாறியது. அக்கரையில் காத்து நிற்கும் சிறுமியின் பாட்டாக இருந்தது, பலரைப் போகவிட்டு வந்த ஒருத்தியின் பாட்டாக ஆனது. மொழி விளங்காத எனக்கே அது விளங்கியது. இவர் பாட்டு முடிந்த பிறகும் விரல்களைக் கட்டையில் இருந்து எடுக்கவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பூசை முடிந்ததும் எங்கள் வீட்டில் பயிற்சி. டவுன்டவுனில் ஒரு உணவகத்தில் சமையல் வேலை செய்த பழைய நண்பர் ஒருவரை இவர் பேஸ் கிட்டாரோடு கூட்டி வந்தார். சண்டையும் நடந்தது. தோணிப் பாட்டை மெதுவாகப் பாட வேண்டும் என்று மதாம் பிடிவாதம். அவ்வளவு மெதுவாகப் போனால் சனம் எழும்பிப் போய்விடும் என்று இவர் பிடிவாதம். ஒரு ஞாயிறு மதாம் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு சொல்லாமலே போய்விட்டார். மறுநாள் கடையில் என்னிடம், "உம்மட மனுசன் சொன்னது சரி எண்டு சொல்லும். ஆனா கடைசி அடி மட்டும் என்ர வேகத்தில" என்றார்.

நாங்களே ஒரு நிகழ்ச்சி வைப்பது என்று முடிவெடுத்தோம். மண்டபம் எங்கள் பங்குக் கோயிலின் கீழ்த்தளம். அதற்குப் பொறுப்பாக இருந்த அண்ணை என்னைக் கேட்டார்: "ஆரோ வெள்ளைக்காரக் கிழவி பாடுறதுக்கு ஆர் வருவினம், பிள்ளை? எங்கட சனத்துக்கு என்ன விளங்கப்போகுது?"

"நீங்கள் மண்டபத் திறப்பைத் தாங்கோ அண்ணை. ஆக்களைக் கொண்டுவாறது எங்கட பாடு."

மதாம் தன் கையாலேயே அறிவித்தல் எழுதிப் பிரதி எடுத்து, புவாண்ட்-கிளேரிலும் பக்கத்து டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலும் தெப்பனர் எனப்படும் ஒவ்வொரு சில்லறைக் கடைக் கண்ணாடியிலும் ஒட்டினார். பனியில் சறுக்கி முழங்கை வீங்கியது. அடுத்த நாள் மற்றக் கையால் ஒட்டினார். அறிவித்தலில் அவர் போட்டது மேடைப் பெயரை அல்ல. பெற்றார் வைத்த பெயரை. பழைய பெயரைப் போட்டால் கூடுதலாகச் சனம் வருமே என்றேன். "அந்தப் பெயரை வைச்சவன் செத்துப்போனான்," என்றார்.

நிகழ்ச்சிக்கு முந்திய வாரம் அவருக்குத் தடிமன் பிடித்துக் குரல் அடியோடு போய்விட்டது. டாக்டர் பேசவே கூடாது என்றார். கடையில் வாடிக்கையாளர்களிடம் விரலால் அளவு காட்டி வெட்டினார். தள்ளி வைப்போமா என்று நான் கேட்டதற்குக் கத்தரிக்கோலை என் பக்கம் ஆட்டினார். நான் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துப் போத்தலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு கடைசித் துளி வரைக்கும் குடித்தார். இரவில் இவர் என்னிடம், "குரல் வராட்டி என்ன செய்யிறது?" என்று கேட்டார். எனக்கும் பயம்தான். "வரும்," என்று மட்டும் சொன்னேன்.

நிகழ்ச்சி நடந்தது ஞாயிறு பின்னேரம். மண்டபம் நிறையவில்லை, ஆனால் வெறுமையாகவும் இல்லை. அழுத அந்த மனிதரும் மனைவியும் தங்கள் ஊர்க்காரர் சிலரோடு வந்திருந்தார்கள். துணி வாங்கிய வாடிக்கையாளர்கள் வந்தார்கள். மதாமின் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவர்கள், இப்போது தாடி வைத்த ஆண்களும் கைக்குழந்தை வைத்த பெண்களும், கூட்டமாகப் பின்வரிசையில் இருந்து கை காட்டினார்கள். எங்கள் சனம் பூசை முடிந்து, ரோல்ஸும் தேத்தண்ணியும் உண்டு என்று கேள்விப்பட்டு இறங்கி வந்தது. மதாம் கறுப்புச் சட்டை, தட்டைச் சப்பாத்தோடு மைக் முன்னால் நின்றார்.

குரல் வந்தது, முழுதாக இல்லை. முதலில் ஒரு பிரெஞ்சுப் பாட்டு, பிறகு கப்பலில் பாடியவை. மாஜரீன் விளம்பரத்தைப் பாடிக் காட்டியபோது சிரிப்பு. வாத்துக் குரலில் வணக்கம் சொன்னபோது சின்னப் பிள்ளைகள் எழும்பி முன்னால் ஓடி வந்தார்கள். பிறகு தோணிப் பாட்டு. மூன்றாவது அடியில் குரல் பிசகி, நின்றே போயிற்று. மண்டபத்தில் ஒரு கதிரை கிரீச்சிட்டது. நான் கையில் இருந்த தேத்தண்ணித் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். மதாம் திரும்பி இவரைப் பார்த்தார். பெருவிரலைக் கீழே காட்டினார். இவர் தலையாட்டி, சுருதியை அரைக்கட்டை இறக்கினார்.

"முதலிலிருந்து," என்று மதாம் மைக்கிலேயே சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை.

முதலிலிருந்து பாடினார். இந்த முறை உடையவில்லை. கடைசி அடியைத் தன் வேகத்தில், மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வைத்து முடித்தார். அந்த ஒல்லாந்து மனிதரும் மனைவியும் கதிரைகளுக்கு நடுவில் எழும்பி நின்று ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு ஆடினார்கள். மண்டபச் சாவி தரத் தயங்கிய அண்ணை என் பக்கத்தில் வந்து, "பிள்ளை, என்னவாம் அந்தப் பாட்டு?" என்று கேட்டார். "தோணிக்காரனைப் பற்றியதாம்" என்றேன். "எங்களுக்கும் தோணி தெரியும்தானே," என்றார் அவர். மன்னாரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர்.

கைதட்டல் அடங்கியதும் அதே அண்ணைதான் முன்னால் போய், எல்லாரும் ஆட ஒரு பைலாப் பாட்டுப் போடச் சொல்லி இவரைக் கேட்டார். இவர் தாளத்தைத் தொடங்க, பைலா என்றால் என்னவென்று தெரியாத மதாம் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, சொல் இல்லாமல் தன் வாயில் வந்த ஓசைகளை அதற்கு மேல் பாடத் தொடங்கினார். கதிரைகளை ஓரம் தள்ளி ஆட்டம் நடந்தது.

அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சி சொன்னபடி பழைய படத்துண்டைக் காட்டியது. அதை யாரோ மதாமுக்கு அனுப்பி வைத்தார்கள். ஓய்வறையில் இருந்து இருவரும் பார்த்தோம். வெள்ளைச் சப்பாத்துப் போட்ட பெண் சிரித்துச் சிரித்துப் பாடினாள். மதாம் கவனமாகப் பார்த்தார். "நல்லாத்தான் பாடியிருக்கிறாள். மூச்சு எங்க எடுக்கிறதெண்டு இன்னும் தெரியாது," என்றார். பிறகு போனை மூடிவிட்டு மேசைக்குப் போனார்.

பஸ்ஸில் போனவர்களில் ஒருத்தி முதியோர் இல்லம் ஒன்றில் தாதி. அவள் தன் இல்லத்துக்கு வந்து பாடக் கேட்டாள். அங்கே பாடியதைப் பார்த்து இன்னோர் இல்லம் கூப்பிட்டது. மதாம் அடுத்த வருடம் துணிக்கடையை விட்டார். அவருடைய மேசைக்கு என்னைப் போகச் சொன்னார்கள், போனேன். வாடிக்கையாளரோடு பேசப் பிரெஞ்சு போதாது என்று மாலை வகுப்புக்கும் போகிறேன். என் வயதில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் மதாமைப் பற்றிச் சொல்வதில்லை. வேலைக்குத் தேவை என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது சனிக்கிழமைப் பின்னேரங்களில் மதாம், இவர், பேஸ் நண்பர் மூவரும் பாடப் போகிறார்கள். ஸ்பீக்கர் தூக்குவது நான். இவருக்குக் கிடங்கில் முதுகு நோகிறது, கீபோர்ட் தூக்கும்போது மட்டும் நோகவில்லை. போன கிழமை நகரத்துக்கு வெளியே, வெகு தூரத்தில் ஓர் இல்லத்தில் நிகழ்ச்சி. காலையில் இருந்து உறைபனி மழை என்று வானொலியில் சொன்னார்கள். இவர் போன் எடுத்து, போகத்தான் வேண்டுமா என்று மதாமிடம் கேட்டார்.

"நான் எத்தினை வருசம் இந்த றோட்டில பஸ் ஓட்டினனான்?" என்றார் மதாம். "கார்ச் சாவியை என்னட்டைத் தாங்கோ."

சாவியை அவரிடம் கொடுக்கவில்லை. கண் அவருக்கு முந்திய மாதிரி இல்லை. இவர்தான் மெதுவாக ஓட்டினார். மதாம் முன் இருக்கையில் இருந்து எந்த வளைவில் எப்போது பிரேக்கை விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். இல்லத்து முதியோர் கதிரைகளை வரிசையாகப் போட்டு வைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார்கள்.